கத்தாத கீரிக்கு முதல் மருந்து

"கத்தணும்டி! கத்தினாத்தான் கரடியக்கா திரும்பிப் பார்ப்பா. போன தடவை எனக்கு வால் நுனியில ஒரு கீறல்தான். நான் போட்ட கூச்சல்ல முதல் ஆளா மருந்து போட்டுக்கிட்டு வந்துட்டேன்!"

குளக்கரை நாவல் மரத்தில் ஓர் அணில் இன்னோர் அணிலிடம் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தது. மரத்தடியில் பச்சிலை பறித்துக்கொண்டிருந்த கரடி அங்காயியின் காதில் அது தற்செயலாக விழுந்தது. 'வாயாடிக் கழுதைகள்!' என்று சிரித்துக்கொண்டாள். கையிலிருந்த பச்சிலையை உதறிக் கூடையில் போட்டாள். அணில் சொன்னதை அப்போதே மறந்தும் போனாள்.

அங்காயிதான் அந்தக் காட்டுக்கு வைத்தியர். குளத்துக்கு மேலே இருந்த அகலமான பாறைதான் அவளுடைய வைத்தியசாலை. பாறையின் ஓரத்தில் ஒரு குழி இருந்தது. அதில் பச்சிலையைப் போட்டு உருண்டைக் கல்லால் அரைப்பாள். காற்று வந்து மருந்தை அள்ளிக்கொண்டு போகக் கூடாது அல்லவா? அதனால் மலைப்பக்கம் பார்த்துத்தான் உட்காருவாள். வந்து காத்திருப்பவர்களுக்கு அவளுடைய கறுத்த பெரிய முதுகுதான் தெரியும்.

யாராவது "ஐயோ!" என்றால் அங்காயி திரும்புவாள். அவருக்கு மருந்து போடுவாள். மறுபடி அரைக்க உட்காருவாள். அடுத்த "ஐயோ!" கேட்டால் மறுபடி திரும்புவாள்.

இதுவே அந்தக் காட்டின் பழக்கமாகிவிட்டது. உரக்கக் கத்துகிறவருக்கு முதல் மருந்து. மெல்ல முனகுகிறவருக்கு அடுத்த மருந்து. சும்மா இருக்கிறவருக்குக் கடைசி மருந்து. யாருக்கும் இதில் தவறு தெரியவில்லை. முள் குத்தியதும் தேள் கொட்டியதுமாக வந்தவர்கள் எல்லோரும் குணமாகித்தான் போனார்கள். அங்காயி கைராசிக்காரி என்று காடே சொன்னது.

கோடை மழைக்காலம் வந்தது. குளக்கரை அத்திமரம் அடியிலிருந்து நுனிவரை பழுத்துக் கிடந்தது. கிளையில் இருந்தவர்கள் பாதி தின்று பாதியைக் கீழே போட்டார்கள். கீழே இருந்தவர்கள் அதைப் பொறுக்கித் தின்றார்கள். அன்று பிற்பகல் வானம் இருண்டது. "இன்னும் ஒரு பழம்! ஒரே ஒரு பழம்!" என்று யாரும் நகரவில்லை.

காற்று சுழன்று அடித்தது. ஏற்கெனவே கரை மண் ஊறிப்போயிருந்தது. அத்திமரம் வேரோடு சாய்ந்தது!

மழை விடுவதற்குள் அங்காயியின் பாறை நிறைந்துவிட்டது.

மயில் சிங்காரம்தான் முதலில் வந்தான். அவன் காலில் ஒரு கிளை விழுந்திருந்தது. தோகையில் சில இறகுகள் முறிந்திருந்தன. அவன் போட்ட சத்தத்தில் குளத்துத் தவளைகள் வாயை மூடிக்கொண்டன.

"செத்தேன்! செத்தேன்! அக்கா, என் காலைப் பாருங்க! காலைக்கூட விடுங்க, என் தோகையைப் பாருங்க!"

அடுத்து நரி நல்லமுத்து நொண்டிக்கொண்டே வந்தான். "அக்கா, முள்ளு! உள்ளங்கால்ல முள்ளு! இது அப்படியே மேலே ஏறி நெஞ்சுக்குப் போயிடும்போல இருக்கு!"

"முள்ளு என்ன, படிக்கட்டா ஏறும்?" என்று தலையில் புடைப்போடு உட்கார்ந்திருந்த குரங்கு கேட்டது. பிறகு தன் புடைப்பு நினைவுக்கு வந்து, "ஐயோ, என் மண்டை!" என்று அதுவும் கத்தியது.

இந்தக் கூச்சலுக்கு நடுவே கீரி செல்லாத்தாள் வந்தாள். அவள் ஒரு தேக்கிலையைப் பல்லால் கவ்விப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தாள். இலைமேல் அவள் கணவன் குப்பண்ணன் கிடந்தான். அத்திமரம் சாய்ந்தபோது சேற்றுக்குள் அமுங்கிப்போனவன் அவன். உடம்பெல்லாம் சேறு. கண்கள் பாதி மூடியிருந்தன.

"அக்கா..." என்று செல்லாத்தாள் கூப்பிட்டாள்.

அவள் குரல் எப்போதுமே மெல்லிய குரல். பக்கத்துப் புற்றுக்குக்கூடக் கேட்காது. இந்தச் சந்தையில் யாருக்குக் கேட்கும்?

"புதுசா அம்மிணி?" என்றான் நரி நல்லமுத்து. "இங்கே கத்தணும். கத்தாம இருந்தா பொழுது விடிஞ்சாலும் முறை வராது."

"பரவாயில்லீங்கண்ணா. இவரு தூங்கறாரு. பாம்போட சண்டை போட்டுட்டு வந்தாக்கூட முனகமாட்டாரு. ரொம்பப் பொறுமைசாலி. நாங்க இருக்கோம். நீங்க முதல்ல பார்த்துக்குங்க."

அங்காயி மயிலின் காலைக் கழுவ வந்தவள் இதைக் கேட்டாள். குப்பண்ணனை ஒருமுறை பார்த்தாள். "பார்த்தியா சிங்காரம்? அடிபட்டும் எவ்வளவு அமைதியாப் படுத்திருக்கான்! நீயும் இருக்கியே!" என்றாள்.

செல்லாத்தாளுக்குப் பெருமையாக இருந்தது. கணவன் முகத்திலிருந்த சேற்றை மெல்லத் துடைத்துவிட்டாள்.

"அவனுக்கு வலிக்கலை, கம்முனு கிடக்கிறான். எனக்கு வலிக்குது, கத்தறேன்!" என்றான் சிங்காரம். "மெதுவா அக்கா! ஐயோ! அது கால் அக்கா, விறகு இல்லை!"

அங்காயி காலைக் கழுவிக்கொண்டே இருந்தாள். அப்போது தேக்கிலை ஓரமாக ஓர் எறும்பு ஏறியது. அது குப்பண்ணனின் மீசைமேல் நடந்தது. உதட்டுக்கு வந்தது. மூக்கருகில் சற்று நின்றது. பிறகு மூக்குத் துளைக்குள் நுழைந்துவிட்டது.

குப்பண்ணன் தும்மவில்லை. தலையை அசைக்கவில்லை.

அங்காயியின் கை நின்றது. தூங்குகிறவன் மூக்கில் எறும்பு நுழைந்தால் சும்மா இருப்பானா?

அவள் மயிலின் காலைப் பொத்தென்று விட்டாள்.

"ஐயோ! என் கால்!"

அங்காயி காதில் வாங்கவில்லை. ஒரே தாவில் தேக்கிலை அருகே வந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். மயிலின் முறிந்த தோகையிலிருந்து உதிர்ந்த மெல்லிய தூவி ஒன்று கீழே கிடந்தது. அதை எடுத்தாள்.

"அது என் இறகு!" என்று கத்தினான் சிங்காரம்.

அங்காயி அந்தத் தூவியைக் குப்பண்ணனின் மூக்கருகே பிடித்தாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். தூவி அசையவில்லை. சற்றுப் பொறுத்து ஒரே ஒருமுறை நடுங்கியது. பிறகு மறுபடி அசையாமல் நின்றது.

"மூச்சு இழுக்க முடியலை இவனுக்கு!" என்றாள் அங்காயி.

அவன் உதட்டை விலக்கினாள். ஈறு வெளுத்துக் கிடந்தது. விரலால் ஈறை அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடம் இன்னும் வெளுத்தது. போன இரத்தம் திரும்பி வர வெகு நேரம் பிடித்தது.

"இரத்தமும் சரியா ஓடலை. செல்லாத்தா, அவனைக் கூப்பிடு! நினைவு இருக்கான்னு பார்க்கணும். உன் குரல்னா அவனுக்குத் தெரியும்."

"ஏனுங்க!" என்றாள் செல்லாத்தாள். "ஏனுங்க! இந்தாங்க!"

காது அசையவில்லை. அங்காயி அவன் கால்விரல்களுக்கு நடுவே அழுத்திக் கிள்ளினாள். காலை அவன் இழுத்துக்கொள்ளவில்லை.

செல்லாத்தாளின் முகம் மாறியது. "அக்கா... தூங்கறாருன்னு நினைச்சேனே! இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேனே!"

"நானும்தான் பொறுமைசாலின்னு பாராட்டிக்கிட்டிருந்தேன். இப்ப பேச நேரம் இல்லை. பிடி!"

அங்காயி குப்பண்ணனை வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தாள். கழுத்தை நேராக நீட்டினாள். வாயைத் திறந்து நாக்கை வெளியே இழுத்தாள். தொண்டையில் சேறும் நசுங்கிய அத்திப்பழமும் கட்டியாக அடைத்திருந்தன. ஒரு நகத்தால் அதைக் கொக்கிபோல் மாட்டி இழுத்துப் போட்டாள். தலையைத் தாழ்த்தினாள். சேற்றுத் தண்ணீர் வழிந்தது. ஆனாலும் நெஞ்சு எழவில்லை.

அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, மூக்கில் தன் வாயை வைத்து மெல்ல ஊதினாள். கீரியின் சின்ன நெஞ்சு எழுந்து தாழ்ந்தது. மறுபடி ஊதினாள். எழுந்து தாழ்ந்தது.

"அக்கா, இங்கே!" என்றாள் செல்லாத்தாள். கணவனின் உள்தொடைக்கு அடியில் தேக்கிலை சிவந்து கிடந்தது. சேறு மறைத்திருந்த காயம்!

"கையை வை! அழுத்து! விடாதே!"

செல்லாத்தாள் இரண்டு கைகளாலும் அழுத்தினாள். பாறையில் இப்போது யாரும் கத்தவில்லை. குரங்குகூட மண்டையை மறந்துவிட்டது.

"கூப்பிடு செல்லாத்தா! கூப்பிட்டுக்கிட்டே இரு!"

"ஏனுங்க! ஏனுங்க!"

"ஏனுங்கன்னா யாருன்னு தெரியும் அவனுக்கு? காட்டுல பாதிப்பேர் 'ஏனுங்க'தான்! பேரைச் சொல்லிக் கூப்பிடு!"

செல்லாத்தாள் திகைத்தாள். அந்தக் காட்டுக் கீரிகளில் மனைவி கணவன் பெயரைச் சொல்வது வழக்கமில்லை. புற்றுக்குள் தனியாக இருக்கும்போதுகூட அவள் சொன்னதில்லை. சுற்றிலும் நரியும் குரங்கும் மயிலும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கைகளுக்கு அடியில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"குப்பண்ணா!" என்று கத்தினாள் செல்லாத்தாள். "டேய் குப்பண்ணா! எழுந்திருடா!"

அப்படி ஒரு குரல் அவளுக்கு இருப்பது அவளுக்கே தெரியாது. எதிர்மலை அதைத் திருப்பிச் சொன்னது.

குப்பண்ணனின் இடது காது துடித்தது. நெஞ்சு ஒருமுறை குலுங்கியது. பெரிதாகத் தும்மினான். எறும்பு வெளியே வந்து விழுந்தது. அங்காயி ஊதாமலே அவன் நெஞ்சு எழுந்தது, தாழ்ந்தது, மறுபடி எழுந்தது. தூவியை மூக்கருகே வைத்தபோது அது ஆடியது.

கொஞ்ச நேரத்தில் ஈறு வெளுப்பு மாறி இளஞ்சிவப்பாயிற்று. குப்பண்ணன் கண்ணைத் திறந்தான். அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"எவ அவ, என்னை 'டா' போட்டது?"

பாறை முழுவதும் சிரித்தது. செல்லாத்தாள் மட்டும் கையை எடுக்காமல், முகத்தைத் தோளுக்குள் புதைத்துக்கொண்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

அங்காயி காயத்தில் பச்சிலை வைத்துக் கொடியால் கட்டினாள். காய்ந்த புல்லை அள்ளிவந்து குப்பண்ணனைப் போர்த்தினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அக்கா, நான்தான் முதல்ல கத்தினேன்!" என்றான் சிங்காரம்.

"கத்தினே. கத்தறதுக்கு மூச்சு இருக்கு பார், அதுவே உனக்கு நல்ல சேதி. காத்திரு." அங்காயி எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்: "இத்தனை நாள் முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தது என் தப்பு. இனிமே நான் கூச்சலுக்குத் திரும்பமாட்டேன். முதல்ல எல்லாரையும் ஒரு சுற்று வந்து பார்ப்பேன். சத்தமே இல்லாம கிடக்கிறவங்ககிட்ட முதல்ல போவேன்."

நரி நல்லமுத்துவின் காதுகள் நிமிர்ந்தன. 'ஓகோ! இப்போது சத்தம் போடாதவனுக்குத்தான் முதல் மருந்தா?' என்று எண்ணிக்கொண்டான்.

அங்காயி கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் நல்லமுத்து மல்லாந்து கிடந்தான். நாக்கு ஒரு பக்கம் தொங்கியது. கால்கள் நாலும் வானத்தைப் பார்த்தன.

"ஐயையோ! நரி போயிட்டான்!" என்று அலறியது குரங்கு.

அங்காயி ஓடிவந்தாள். தூவியை மூக்கருகே வைத்தாள். அது அசையவில்லை. நல்லமுத்து மூச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அங்காயி உதட்டை விலக்கி ஈறை அழுத்தி எடுத்தாள். எடுத்த வேகத்திலேயே இரத்தம் ஓடிவந்து ஈறு செக்கச்செவேல் என்றானது.

"அடடா! மூச்சு நின்னவனுக்கு இரத்தம் இப்படிக் குதிச்சுக்கிட்டு வருதே!" என்றாள். பிறகு குனிந்து, "நல்லமுத்து!" என்று மெல்லக் கூப்பிட்டாள். நரியின் வலது காது தன்னை அறியாமல் திரும்பியது.

அங்காயி அவன் கால்விரல்களுக்கு நடுவே கிள்ளினாள். நன்றாகவே கிள்ளினாள்.

"ஆத்தாடி!" என்று துள்ளி எழுந்தான் நல்லமுத்து. குதித்த குதிப்பில் பாறையில் கால் உரசி, குத்தியிருந்த முள்ளும் தானாகவே வெளியே வந்து விழுந்தது.

"உன் வைத்தியம் முடிஞ்சுது. கிளம்பு!" என்றாள் அங்காயி.

"சும்மா விளையாட்டுக்குத்தான் அக்கா..."

"உன் விளையாட்டைப் பார்த்துக்கிட்டிருந்த நேரத்துல இங்கே நிஜமா ஒருத்தர் போயிருந்தா?"

நல்லமுத்து வாலை மடக்கிக்கொண்டு போனான். குரங்கு அவனுக்குப் பின்னால் அவனைப் போலவே நாக்கைத் தொங்கவிட்டுக் காட்டியது.

மழை நின்று மஞ்சள் வெயில் அடித்தது. அங்காயி தான் சொன்னபடியே ஒரு சுற்று வந்தாள். குரங்கின் மண்டையைப் பார்த்தாள். பிறகு சிங்காரத்தின் அருகே வந்து உட்கார்ந்து, அவன் காலை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"வா சிங்காரம். ரொம்ப நேரம் காத்திருந்துட்டே. இப்ப உன் முறை."

சிங்காரம் தன் காலைப் பார்க்கவே இல்லை. வெகு நேரமாக அவன் கத்தவும் இல்லை. அவன் பாறையின் மறுமுனையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கே அப்போதுதான் வந்து சேர்ந்த முள்ளம்பன்றி வள்ளியாத்தா உட்கார்ந்திருந்தாள். அங்காயி சுற்றி வந்தபோது அவள் அங்கே இல்லை. இப்போதும் அவள் யாரையும் கூப்பிடவில்லை. கண் திறந்துதான் இருந்தது. காயம் எதுவும் தெரியவில்லை. ஆனால் அவளுடைய முட்கள் ஒன்றோடொன்று உரசி விடாமல் கிலுகிலுத்துக்கொண்டிருந்தன.

"குளிருது போல அவளுக்கு" என்றது குரங்கு.

"குளிர் இல்லை" என்றான் சிங்காரம். "அக்கா, அவ விலாவைப் பாருங்க. படபடன்னு ஏறி இறங்குது. வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி இழுக்கறா. முதல்ல அவளைப் பாருங்க."

"உன் கால்?"

சிங்காரம் காலை அவள் மடியிலிருந்து உருவிக்கொண்டான். "கால் எங்கேயும் போயிடாது."

அங்காயி விரைந்து போனாள். வள்ளியாத்தாவின் நெஞ்சில் மரக்கிளை மோதியிருந்தது. ஈறில் சிவப்பு இன்னும் இருந்தது. பெயர் சொன்னால் திரும்பிப் பார்த்தாள். ஆனால் மூச்சு பாதிதான் உள்ளே போனது. அங்காயி அவளை அசைக்காமல், நெஞ்சு நிமிர்ந்திருக்கும்படி கல்லில் சாய்த்து உட்கார வைத்தாள். சுற்றி நின்றவர்களை விலக்கிக் காற்றுக்கு வழிவிட்டாள். வெயில் சாய்வதற்குள் முட்களின் கிலுகிலுப்பு மெல்ல மெல்ல அடங்கியது.

"பிழைச்சுக்குவா" என்று சொல்லிவிட்டு அங்காயி திரும்பினாள். மயில் அவன் இடத்தில் இல்லை.

சிங்காரம் ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் பாறை நெடுகப் போய்க்கொண்டிருந்தான். படுத்திருந்த ஒவ்வொருவர் அருகிலும் நின்றான். குனிந்து, அவர்கள் மூக்கருகே தன் கன்னத்தை வைத்துப் பார்த்தான். பிறகு அடுத்தவரிடம் போனான்.

சத்தத்தையும் நம்பாமல் மௌனத்தையும் நம்பாமல் அருகில் போய்ப் பார்க்கிறவரால்தான் ஆபத்தில் இருப்பவருக்கு முதலில் உதவ முடியும்.